அத்யந்தகாமன் யார்? மாமல்லபுரத்துக்குத் தேதி குறித்த கதை

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஒரு ஊர். கூட்டம் அலைமோதும் இடம் ஒன்றும் இல்லை. ஒரு பாறை, அதில் குடைந்த சின்னக் கோயில், கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மன், ஈசன், திருமால் மூவருக்குமாக விசித்திரசித்தன் என்ற அரசன் செய்வித்த கோயில் இது என்பது அதன் சாரம். பல்லவர் கலை பற்றிப் படிக்கத் தொடங்குகிற எல்லோரும் முதலில் சந்திக்கிற கல்வெட்டு இதுதான்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். அந்த அரசன் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள்களைக் கொஞ்சம் பாருங்கள். மரம் இருந்திருந்தால் கார்பன் டேட்டிங் செய்திருக்கலாம். செங்கல் இருந்திருந்தால், அது கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்று ஆய்வகத்தில் கணக்கிட்டிருக்கலாம். சுதைக்குள் ஒரு கரித்துண்டு சிக்கியிருந்தாலும் போதும். காலம் சொல்லக்கூடிய சாட்சிகளையெல்லாம் அவனே வெளியே அனுப்பிவிட்டான். மிஞ்சியது பாறை மட்டும். வடதமிழகத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதில் உளி பட்டது எந்த வருஷம் என்று பாறையைக் கேட்டால் பதில் வராது.

அப்படியென்றால் மாமல்லபுரத்தில் கைடு சொல்கிற தேதி, பாடப்புத்தகத்தில் வருகிற தேதி, எல்லாம் எங்கிருந்து வந்தன? ஒரு ஆய்வகமும் தந்ததில்லை. அரசர்களின் பெயர், எழுத்தின் வடிவம், தூணின் அமைப்பு, இந்த மூன்றிலிருந்து ஊகித்தவைதான். ஊகம் என்றால் தப்பு என்று அர்த்தமில்லை. வரலாறே அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் ஊகத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்வதுதான் பிரச்சினை. அதற்கு மிக நல்ல உதாரணம், 1962இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி போட்ட வெடி.

நாகசாமி சொன்னது என்ன?

அதுவரை எல்லோருக்கும் பழகிப்போன கதை இது. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் பல்லவர் கோயில்களை அரசர் பெயரால் பாணிகளாகப் பிரித்தார். முதலில் மகேந்திரன் பாணி: கனமான தூண்கள், எளிமையான குடைவரைகள். அடுத்தது மாமல்லன் பாணி: மெலிந்த தூண்கள், தூணடியில் உட்கார்ந்த சிங்கங்கள், ஒற்றைக்கல் ரதங்கள். அதற்கடுத்து இராஜசிம்மன் பாணி: கல் அடுக்கிக் கட்டிய கோயில்கள், பாய்ந்து நிற்கும் சிங்கங்கள். லாங்ஹர்ஸ்டும் பிற்பாடு வந்த பலரும் இந்தச் சட்டகத்தையே பின்பற்றினார்கள். இதன்படி மாமல்லபுரத்தின் ரதங்களும் பெரும்பாலான மண்டபங்களும் வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மன் என்ற மாமல்லன் காலத்தவை (சுமார் 630-668). கடற்கரைக் கோயில் அவனுக்குப் பேரனுக்கு மகனான இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது (சுமார் 700-728). நடுவில் இரண்டாம் மகேந்திரனும் முதலாம் பரமேசுவரவர்மனும் வருகிறார்கள். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வந்த பிறகு, ஆயனரும் மாமல்லரும் இல்லாத மாமல்லபுரத்தைத் தமிழ் வாசகனால் நினைத்துப் பார்க்கவே முடியாமல் போனது.

நாகசாமி இந்தக் கதையை ஒரே போடாகப் போட்டார். மாமல்லபுரத்தில் உள்ள அத்தனையும், குடைவரை, ரதம், புடைப்புச் சிற்பம், கட்டுமானக் கோயில் எல்லாமே, இராஜசிம்மன் ஒருவனின் படைப்பு என்றார்.

ஆதாரம்? ஒரு விருதுப்பெயர். அத்யந்தகாமன். எல்லையற்ற ஆசைகள் உடையவன் என்று பொருள் சொல்லலாம்.

கணேச ரதத்தில் ஒரு நீண்ட வடமொழிக் கல்வெட்டு உண்டு. அதே செய்யுள்கள் தர்மராஜ மண்டபத்திலும் இருக்கின்றன. இரண்டிலும் கோயிலின் பெயர் அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம். தர்மராஜ ரதத்தின் மேல்தளத்தில் பொறித்திருப்பதும் அதே பெயர். ஆக, ஒரே ஊரில் மூன்று கோயில்களுக்கு ஒரே பெயர். சரி, யார் இந்த அத்யந்தகாமன்? காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். அங்கே சுற்றாலைச் சிற்றாலயங்களில் இராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசை தொடங்குவதே இராஜசிம்மன், அத்யந்தகாமன், ரணஜயன் என்றுதான். ரணஜயன் என்ற பெயரும் தர்மராஜ ரதத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த இரண்டு ஊர்க் கல்வெட்டுகளையும் ஹுல்ட்ஷ் 1890இலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்துவிட்டார். ஒரே புத்தகத்தின் சில பக்க இடைவெளியில் இரண்டும் இருந்தன. அந்த ஒற்றுமையின் கடைசி எல்லை வரை போய்ப் பார்த்தவர் நாகசாமி. அதற்கான துணிச்சலை முதலில் பாராட்டிவிட வேண்டும். பின்னால் நான் குறை சொல்லப் போகிறேன் என்பதால் இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பாணி என்னும் ஏணி

நாகசாமியின் வாதத்தில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது அவர் கட்டியது அல்ல, இடித்தது. அதாவது பாணிகளின் வரிசை.

மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குடைவரை இருக்கிறது. வெளியில் நின்று தூண்களைப் பாருங்கள். கனமாக, அலங்காரம் இல்லாமல், அச்சு அசல் மகேந்திரன் காலத்துத் தூண்கள் மாதிரி. பாணியை மட்டும் வைத்துத் தேதி போட்டால் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே சோமாஸ்கந்தர் பலகைகள் இருக்கின்றன. கல்வெட்டோ, ஒரு பக்கம் வளைவும் நெளிவுமான பல்லவ கிரந்தத்தில், மறுபக்கம் நாகரியில். கோயிலின் பெயர் அதிரணசண்டேசுவரம். இவையெல்லாம் நம்மை எட்டாம் நூற்றாண்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. தர்மராஜ மண்டபமும் இதே ரகம்: தூண் ஒரு காலத்தைச் சொல்கிறது, கல்வெட்டு வேறொரு காலத்தைச் சொல்கிறது.

பாணி ஏணியை நம்பியவர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? சிலர், 'கோயில் மகேந்திரன் குடைந்தது, கல்வெட்டு பிற்காலத்தில் வெட்டியது' என்றார்கள். கே. ஆர். சீனிவாசன் 1964இல் வெளிவந்த தன் பல்லவர் குடைவரை நூலில் இன்னொரு வழி பிடித்தார்: மகேந்திரன் பாணியைப் பிற்காலப் பல்லவர்களும் தொடர்ந்து கையாண்டார்கள் என்றார். இது நேர்மையான பதில். ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு விலை உண்டு. பழைய பாணி இறுதிவரை உயிரோடு இருந்தது என்று ஒப்புக்கொண்டால், பாணியை வைத்து எந்தக் கோயிலுக்கும் தலைமுறைக் கணக்கில் தேதி போட முடியாது. எளிய தூண் இருப்பதால் முந்தையது என்ற வாக்கியம் எங்குமே செல்லாது. ஓரிடத்தில் விதிவிலக்கு, மற்ற இடங்களில் விதி என்று வைத்துக்கொள்வதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் வேண்டுமே?

ஐந்து ரதங்களைப் பாருங்கள். திரௌபதி ரதம் குடிசை மாதிரி, பீம ரதம் நீண்ட வண்டிக்கூடு மாதிரி, சகாதேவ ரதம் யானையின் முதுகு மாதிரி. பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே வரிசைப் பாறையில் வெட்டியவை. இவ்வளவு வேறுபாடு ஒரே சமயத்தில் சாத்தியம் என்று எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொள்கிறது. அப்படியிருக்க, இரண்டு மண்டபத் தூண்களின் வேறுபாட்டுக்கு மட்டும் முப்பது வருஷ இடைவெளி எதற்கு? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

எழுத்து சொல்வது எவ்வளவு?

நாகசாமிக்கு எதிராக வந்த வாதங்களில் முக்கியமானது எழுத்தமைதி. தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளங்களில் இருக்கிற விருதுப்பெயர்கள் எளிய, பழைய வடிவ எழுத்தில் இருக்கின்றன. 'ஸ்ரீ நரசிம்ம' என்பதும் அவற்றில் ஒன்று. மேல்தளத்தில் கோயில் பெயரைச் சொல்லும் பொறிப்போ கணேச ரதத்து எழுத்தைப் போல அலங்காரமானது. ஆகவே கீழே இருப்பது மாமல்லன் காலம், மேலே இருப்பது பின்வந்தவன் காலம் என்பது வாதம்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு சிக்கல்.

ஒன்று, அத்யந்தகாமன் என்ற பெயர் கீழே உள்ள எளிய எழுத்துப் பட்டியலிலும் வருகிறது. அதனால் எழுத்தமைதியை நம்புகிறவர்கள் மாமல்லனுக்கும் அந்த விருது இருந்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்கு வெளியே அதற்குச் சாட்சி இல்லை.

இரண்டு, எழுத்தமைதி ஒரு நூற்றாண்டை இன்னொரு நூற்றாண்டிலிருந்து பிரிக்கும். கொள்ளுத்தாத்தாவையும் கொள்ளுப்பேரனையும் பிரிக்குமா? கயிலாசநாதர் கோயிலிலேயே, ஒரே அரசனின் அதே விருதுகள், பல்வேறு எழுத்து வகைகளில் அடுக்கடுக்காகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தை ஒரு விளையாட்டாக, அலங்காரமாக நடத்திய அரசன் அவன். அதே ஆள் இன்னொரு ஊரில் எளிய எழுத்தைப் பயன்படுத்தியிருக்கவே முடியாது என்று எப்படிச் சொல்வது? இங்கே சர்ச்சைக்குரிய இடைவெளி மொத்தமே ஐம்பது, அறுபது வருஷம். ஒரு சிற்பியின் ஆயுளில் அடங்கிவிடும் காலம். சின்ன வயதில் கற்ற எழுத்தைக் கிழவனான பிறகும் வெட்டிக்கொண்டிருந்திருப்பான்.

ஆனால் இதே காரணத்தால் எழுத்தமைதியைத் தூக்கி எறியவும் முடியாது. ஒரே கோயிலில் மேலும் கீழும் இரண்டு விதம் இருப்பது உண்மை. அதை விளக்கியாக வேண்டும். 'இராஜசிம்மனுக்கு வெரைட்டி பிடிக்கும்' என்று சொல்லித் தாண்டிப்போவது எனக்குச் சமாளிப்பாகத்தான் தெரிகிறது. எந்த முரண்பாடு வந்தாலும் 'அரசனின் ரசனை' என்று ஒரே பதில் சொல்ல முடியுமானால், அந்தக் கருத்தை எந்த ஆதாரமும் பொய்யாக்க முடியாது. அதுவே அதன் பலவீனம்.

விருதுப்பெயர் யாருடைய சொத்து?

இப்போது மண்டகப்பட்டுக்குத் திரும்புவோம். அங்கே மகேந்திரவர்மன் என்ற பெயரே கிடையாது. விசித்திரசித்தன் என்ற விருது மட்டும்தான். அது மகேந்திரனைக் குறிக்கும் என்பது அவனுடைய வேறு கல்வெட்டுகளிலிருந்து தெரியவருவது. அதாவது, தமிழகத்தின் முதல் குடைவரைகளில் ஒன்று என்று நாம் கொண்டாடுகிற கோயிலின் தேதி நிற்பது, ஒரு விருதுப்பெயர் ஒரு அரசனுக்கே உரியது என்ற நம்பிக்கையின் மேல்.

அத்யந்தகாமன் விஷயத்திலும் நாகசாமி செய்தது அதேதான். மண்டகப்பட்டில் செல்லுபடியாகும் முறை மாமல்லபுரத்தில் செல்லாது என்று சொல்கிறவர்கள், எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று ஒரு அளவுகோல் தர வேண்டும். 'பல்லவர்கள் முன்னோர் விருதுகளைத் திரும்பச் சூடிக்கொண்டார்கள்' என்பது வழக்கமான பதில். இருக்கலாம். இரண்டு நரசிம்மர்கள், மூன்று மகேந்திரர்கள் இருந்த வம்சம் அது. விருதும் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். விசித்திரசித்தனும் திரும்பி வந்திருக்கலாமே?

என் கணக்கில் வித்தியாசம் இங்கே இருக்கிறது. மண்டகப்பட்டுக் கல்வெட்டு, 'இன்னான் இதைச் செய்வித்தான்' என்று நேரடியாகச் சொல்கிறது. அதாவது பெயருக்கும் உளிவேலைக்கும் நடுவில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளத்தில் அப்படி இல்லை. வெறும் விருதுகள். மேல்தளத்தில் கோயிலின் பெயர். பெயர் சூட்டியவன்தான் முதல் உளியையும் எடுத்துக்கொடுத்தான் என்பது நாம் சேர்க்கிற முடிச்சு.

அந்த முடிச்சு அவிழக்கூடியது என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சாட்சி உண்டு. ருத்திரன் குடிகொள்ளாத நெஞ்சம் உடையவர்களுக்குச் சாபம் இடுகிற ஒரு செய்யுள் கணேச ரதத்தில் இருக்கிறது. அதே சாபம் ஆதிவராகக் குடைவரையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வராகப் பெருமாளுக்குக் குடைந்த கோயிலில், சிவனை நினைக்காதவனுக்குச் சாபம்! குடைந்தவனே இதை வெட்டினான் என்று நம்புவது கஷ்டம். ஏற்கனவே இருந்த கோயிலில் பின்னால் வந்த சைவ அரசன் ஒருவன் தன் குரலைப் பதித்தான் என்பதுதான் இயல்பான விளக்கம். அப்படியென்றால் மற்ற இடங்களிலும் கல்வெட்டின் காலம், கோயில் தொடங்கிய காலத்துக்குக் கீழ் எல்லை மட்டுமே. 'இதற்குப் பிறகு தொடங்கியிருக்க முடியாது' என்று சொல்லும். 'இப்போதுதான் தொடங்கினார்கள்' என்று சொல்லாது. நாகசாமி சறுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே ஆதிவராகக் குடைவரையில் இரண்டு அரச உருவங்கள் இருக்கின்றன. மேலே 'ஸ்ரீ சிம்மவிண்ண போத்ராதிராஜன்', 'ஸ்ரீ மகேந்திர போத்ராதிராஜன்' என்று பெயர்களும் உண்டு. பெயரே எழுதியிருக்கிறதே, இனி என்ன சண்டை என்று தோன்றும். சிலர் இவர்களைச் சிம்மவிஷ்ணு, அவன் மகன் முதலாம் மகேந்திரன் என்றார்கள். சிலர் முதலாம் நரசிம்மன், அவன் மகன் இரண்டாம் மகேந்திரன் என்றார்கள். நாகசாமி இராஜசிம்மன், அவன் மகன் மூன்றாம் மகேந்திரன் என்றார். சிங்கம் என்று பொருள்படும் பெயருள்ள ஒரு அப்பாவும் மகேந்திரன் என்ற ஒரு மகனும் அந்த வம்சத்தில் மூன்று தடவை வருகிறார்கள். கல்வெட்டு தெளிவாகப் பேசுகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் தகராறு. ஒவ்வொரு தரப்பும் தனக்கு ஏற்கனவே பிடித்த தேதியை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, பிறகு ஆளை வைத்துத் தேதியை நிறுவுகிறது.

சுற்றிச் சுற்றி வரும் மற்ற சாட்சிகள்

ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லன் பெயரில் ஊர், ஆகவே மாமல்லன் கட்டியது என்பது பிரபலமான வாதம். ஊருக்குப் பெயர் வைத்தவன் அங்கே இருக்கிற எல்லாவற்றையும் செதுக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. போதாக்குறைக்கு, ஆழ்வார்கள் பாடுவது 'மல்லை', 'கடல்மல்லை' என்றுதான். அமித்திரமல்லன் என்ற விருது இராஜசிம்மனுக்கும் உண்டு. ஊர்ப்பெயரை வைத்து ஒன்றும் தேறாது.

தண்டியின் 'அவந்திசுந்தரி கதை' இன்னும் சுவாரசியமானது. லலிதாலயன் என்ற சிற்பி, மாமல்லபுரத்துக் கடலோரத் திருமால் சிலையின் உடைந்த கையைத் தான் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்ததாகச் சொல்ல, தண்டி அதைப் பார்க்கப் போகிறார். கடற்கரைக் கோயிலில் தாய்ப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள்தான் அது என்பது பலரின் கருத்து. தண்டி இராஜசிம்மன் காலத்தவர். அப்போதே கை உடைந்திருந்தது என்றால் சிலை அதற்கும் முந்தையது. ஆகவே நாகசாமி சொன்னது தவறு. இது எதிர்வாதம். நல்ல வாதம்தான். ஆனால் தண்டியின் காலமே, அவருடைய கொள்ளுத்தாத்தா சிம்மவிஷ்ணுவின் அவையில் இருந்தார் என்பதிலிருந்து தலைமுறை எண்ணிப் போட்டது. பத்திருபது வருஷம் முன்பின் ஆகலாம். மேலும், கை உடைவதற்குச் சிலை பழையதாக இருக்க வேண்டும் என்று சட்டமா? ஆனாலும் இந்தச் சாட்சியை நான் மதிக்கிறேன். காரணம், இராஜசிம்மன் எழுப்பிய இரண்டு சிவன் கோயில்களுக்கும் நடுவில் பெருமாள் சன்னிதி அடைபட்டுக் கிடக்கிற விதத்தைப் பார்த்தாலே, பாறை முதலில், கோயில்கள் பிறகு என்று தோன்றும். இலக்கியமும் இடத்தின் அமைப்பும் ஒரே திசையைக் காட்டுகின்றன. தனித்தனியாக இரண்டும் பலவீனம். சேர்ந்தால் கொஞ்சம் பலம்.

'இவ்வளவு வேலையை ஒரு ஆள் ஆட்சிக்குள் முடிக்க முடியுமா?' என்ற கேள்வியும் அடிக்கடி வரும். எத்தனை சிற்பிகள், நாளைக்கு எத்தனை மணி நேரம், எதுவும் பதிவில் இல்லாதபோது இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட வழியில்லை. முடிக்கவில்லை என்பதுதான் உண்மையும்கூட. பீம ரதம் பாதியில், பெரிய புடைப்புச் சிற்பத்தின் ஒரு பகுதி பாதியில், பிடாரி ரதங்கள் பாதியில். ஒரு அரசன் செத்ததால் எல்லாம் ஒரே நாளில் நின்றதா, ஒவ்வொரு அரசன் மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடப்பட்டதா? இரண்டுக்கும் இதே பாதிக்கற்கள்தான் சாட்சி.

ஆய்வகமும் கடலும்

'அறிவியல் பூர்வமான தேதி கிடைத்தால் சண்டை ஓய்ந்துவிடும்' என்று நினைப்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள்.

எகிப்தின் பிரமிடுகளில் சுதை உண்டு, சுதையில் கரித்துகள் உண்டு. 1984இல் அவற்றைச் சேகரித்துக் கார்பன் டேட்டிங் செய்தார்கள். விடை, வரலாற்று ஆண்டுக்கணக்கைவிடச் சராசரியாக 374 வருஷம் முந்தையதாக வந்தது. 1995இல் மறுபடி செய்தபோது வித்தியாசம் 100 முதல் 200 வருஷம் வரை. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அது தேதி போட்டது பிரமிடுக்கு அல்ல, எரித்த மரத்துக்கு. மரம் குறைந்த நாட்டில் பழைய கட்டைகளையும் குப்பையையும் சேர்த்து எரித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. மரத்தையும் கட்டடத்தையும் இணைக்கும் முடிச்சை அங்கேயும் மனிதர்கள்தான் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது, நம் கடற்கரையிலேயே. 2002இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் குழுவும் மாமல்லபுரம் கடலில் மூழ்கிப் பார்த்து, ஐந்து முதல் ஏழு மீட்டர் ஆழத்தில் சுவர் போன்ற அமைப்புகளையும் வெட்டிய கற்களையும் கண்டார்கள். கிரஹாம் ஹான்காக் தரப்பு உடனே பழைய கடல்மட்டக் கணக்கை எடுத்தது. அந்த ஆழம் நிலமாக இருந்தது சுமார் 6000 வருஷத்துக்கு முன், ஆகவே கட்டடமும் அவ்வளவு பழையது. கடலியல் நிறுவன ஆய்வாளர்களோ பல்லவர் காலம், அதாவது சுமார் 1500 முதல் 1200 வருஷத்துக்கு முன் என்றார்கள். மூழ்கியதற்குக் கடலரிப்பை முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். ஹான்காக்கின் தேதி கட்டடத்தின் தேதி அல்ல, கடல்மட்டத்தின் தேதி. கரை அரிக்கப்பட்டு கட்டடம் சரிந்து உள்ளே போக 6000 வருஷம் தேவையில்லை. கிழக்குக் கடற்கரையில் வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கடலியல் நிறுவனத்தின் 'பல்லவர் காலம்' மட்டும் எதை வைத்து? கரையில் இருப்பவை பல்லவர் காலத்தவை என்பதை வைத்து. அந்த ஊகம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் அதுவும் கடன் வாங்கிய தேதி. கரையில் உள்ளவற்றின் தேதி எப்படி வந்தது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் தீர்ப்பு

அறுபது வருஷம் தாண்டியும் நாகசாமியின் கருத்து முழுதாக ஏற்கப்படவில்லை, முழுதாகத் தள்ளப்படவும் இல்லை. மைக்கேல் லாக்வுட் 1980களில் அதை மறுத்து எழுதினார். சோமாஸ்கந்தர் சிற்பங்களை வரிசைப்படுத்தி, தர்மராஜ ரதத்தில் உள்ளது இராஜசிம்மனின் வழக்கமான அமைப்புக்கு முந்தியது என்றார். 1987இல் மர்லின் ஹிர்ஷ் எதிர்த்திசையில் போய், முதலாம் மகேந்திரனையே மாமல்லபுரத்தின் புரவலன் ஆக்கினார். மகேந்திரனிலிருந்து இராஜசிம்மன் வரை, நூறு வருஷ அகலத்துக்கு விடைகள் பரவிக் கிடக்கின்றன. இத்தனைக்கும் கல் அதே கல், கல்வெட்டு அதே கல்வெட்டு.

தவறு கேள்வியில் இருக்கிறது என்பது என் கருத்து. 'யார் கட்டியது?' என்று கேட்கும்போதே, ஒரு ஆள், ஒரு தேதி என்று முடிவுசெய்துவிடுகிறோம். பாறையைக் குடையத் தொடங்குவது ஒரு செயல். செதுக்கி முடிப்பது ஒரு செயல். பெயர் சூட்டி வழிபாட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு செயல். மூன்றுக்கும் நடுவில் ஒரு ஆட்சி, இரண்டு ஆட்சி ஓடியிருக்கலாம். ஒற்றைக்கல் ரதத்தை மேலிருந்து கீழே செதுக்குவார்கள். ஆக, தர்மராஜ ரதத்தில் முதலில் உருவான மேல்தளத்தில்தான் பிற்கால எழுத்து இருக்கிறது. உளிவேலையின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் தேவையில்லை.

நாகசாமி 'அத்யந்தகாமன் இராஜசிம்மனே' என்றதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். அதைவிட வலுவான அடையாளம் வேறு யாரும் காட்டவில்லை. 'ஆகவே எல்லாம் அவன் தொடங்கியதே' என்பதை ஏற்கவில்லை. பெயர் சூட்டியவனைத் தொடங்கியவனாக்கிய தாவல் அது. அவரை எதிர்த்தவர்களில் பலரும் அதே தாவலைத்தான் செய்தார்கள். வேறு அரசனை வைத்துச் செய்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது? கடற்கரைக் கோயிலின் சிவன் சன்னிதிகளுக்கு 'இராஜசிம்மன்' என்று தயங்காமல் எழுதலாம். அவை ராஜசிம்ம பல்லவேசுவரம், க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம் என்று சோழர் கல்வெட்டிலும் பதிவானவை. கணேச ரதத்துக்கு 'அத்யந்தகாமன் பெயரில். இராஜசிம்மனாக இருக்கலாம், அவன் தந்தை பரமேசுவரன் என்போரும் உண்டு' என்று எழுதலாம். ஐந்து ரதங்களுக்கு 'ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள்' போதும். கல்வெட்டே இல்லாத பெரிய புடைப்புச் சிற்பத்துக்கும் அதே. சுற்றுலாப் பயணிக்கு இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை நான் நம்பவில்லை. 'இதில் சண்டை இருக்கு' என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது, ஐந்து ரதத்துக்கு முன்னால் சாளுவன்குப்பத்துக்குப் போங்கள். புலிக்குகையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், அங்கிருந்து கொஞ்சம் நடந்து அதிரணசண்டக் குடைவரைக்கு வாருங்கள். முதலில் தூண்களை மட்டும் பார்த்து மனசுக்குள் ஒரு தேதி போடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் உள்ள எழுத்தைப் பாருங்கள், உள்ளே சோமாஸ்கந்தரைப் பாருங்கள். முதலில் போட்ட தேதி மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால், எது மாற்றியது என்று இங்கே வந்து எழுதுங்கள்.